பழங்காசும் அதன் முகவரியும்

(பினாங்குத் துறைமுக நகரில் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களிடையே நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



நம் தோட்டங்களில் பழைய டிரங்குப் பெட்டி இல்லாத வீடு குறைவு. கப்பலேறி வந்த பாட்டனார் உடன்கொண்டு வந்த பெட்டியாக அது இருக்கலாம். அதன் அடியில், மஞ்சளேறிய பத்திரங்களுக்குக் கீழே, துணியில் முடிந்த நாலைந்து பழங்காசுகள் கிடப்பதுண்டு. ஒன்றில் கழுகு இருக்கும். மற்றொன்றில் சேவல் இருக்கும். இன்னொன்றின் நடுவே சதுரத் துளை இருக்கும். "இது எந்த நாட்டுக் காசு? இதற்கு விலை உண்டா?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். விடை சொல்வாரைக் காண்பது அரிது. பிறகு ஒரு நாள் பழம்பொருள் வாங்குவோர் எவரேனும் தோட்டத்துக்குள் வந்து, சொன்ன விலைக்கு அதை வாங்கிச் சென்றுவிடுவார். அல்லது, அதனினும் கேடாக, "ஆயிரம் வெள்ளி பெறும் அபூர்வ நாணயம்" என்று கூறிப் போலிக்காசு ஒன்றை நம் தலையில் கட்டிவிடுவார்.

அறியாமையால் இருப்பதை இழப்பது ஒன்று. இல்லாததற்குப் பணம் கொடுப்பது மற்றொன்று. இவ்விரண்டினின்றும் நம்மைக் காத்துக்கொள்ளப் பெரிய படிப்பு ஒன்றும் தேவையில்லை. ஒவ்வொரு நாணயமும் தன் முகவரியைத் தன் உடம்பிலேயே தாங்கியிருக்கிறது. உலோகம், எழுத்து, ஆண்டு, சின்னம் ஆகிய நான்கையும் வரிசையாகப் பார்க்கத் தெரிந்தால் போதும். அந்த வரிசையைத்தான் இன்று உங்கள் முன் வைக்க வந்தேன்.

பல நாட்டுக் காசுகள் கூடிய துறைமுகம்

முதலில், இத்தனை வகைக் காசுகள் நம் கைக்கு எப்படி வந்தன என்பதைப் பார்ப்போம். 1786ஆம் ஆண்டில் பிரான்சிஸ் லைட் இத்தீவில் கிழக்கிந்தியக் கும்பினிக்காகக் கொடி ஏற்றினார். காட்டை அழிக்க ஆள் கிடைக்காமையால் அவர் வெள்ளிக் காசுகளைப் பீரங்கியில் இட்டுக் காட்டுக்குள் சுட்டார் என்றும், காசு பொறுக்க வந்தவர்கள் காட்டை வெட்டினார்கள் என்றும் இவ்வூரில் ஒரு கதை வழங்குகிறது. கதை மெய்யோ பொய்யோ, அக்காலத்துப் பணம் எது என்பதை அது சரியாகவே சொல்கிறது. அது ஸ்பெயின் நாட்டு வெள்ளிக்காசு.

மெக்சிகோவிலும் பெருவிலும் தோண்டிய வெள்ளியை ஸ்பெயின் மன்னர் பெயரால் அச்சிட்டார்கள். அக்காசு கடல் கடந்து மணிலா, சீனா, இந்தியா எங்கும் பரவியது. அதன் ஒரு பக்கத்தில் இரண்டு தூண்கள் நிற்கும். அத்தூண்களைப் பீரங்கி எனக் கண்ட மலாய் மக்கள் அதை 'ரிங்கிட் மரியாம்', அதாவது பீரங்கி ரிங்கிட், என்றனர். 1821இல் மெக்சிகோ விடுதலை பெற்றபின், பாம்பைக் கவ்விக்கொண்டு கள்ளிச்செடி மீது நிற்கும் கழுகு அக்காசில் ஏறியது. அது 'ரிங்கிட் பூரோங்', பறவை ரிங்கிட், ஆயிற்று. ரிங்கிட் என்னும் சொல்லுக்கே பல்லுப்பல்லாக வெட்டிய விளிம்பு என்று பொருள். விளிம்பைச் சுரண்டி வெள்ளி திருடுவதைத் தடுக்கவே அவ்வாறு விளிம்பில் வரியிட்டனர். நம் நாட்டுப் பணத்துக்கு 1975இல் அதிகார முறையில் சூட்டப்பெற்ற பெயர், அந்தப் பழைய விளிம்பிலிருந்து வந்ததே. நாமோ இன்றும் ரிங்கிட்டை 'வெள்ளி' என்றும், சென்னைக் 'காசு' என்றும் சொல்கிறோம். நாணயத்தில் வெள்ளி மறைந்த பின்னும் நாவில் அது மறையவில்லை.

சில்லறைக்குச் செம்பு வேண்டியிருந்தது. கும்பினி இத்தீவுக்கென 1780களின் இறுதியிலேயே செப்புக்காசும் சிறு வெள்ளிக்காசும் அடித்தது. பின்னர் 1810, 1825, 1828 ஆகிய ஆண்டுகளைத் தாங்கிய செப்புக்காசுகள் வந்தன. அவற்றின் ஒரு பக்கத்தில் கும்பினியின் விருதுச் சின்னமும், மறுபக்கத்தில் இலைமாலைக்குள் ஜாவி எழுத்தில் 'பூலாவ் பினாங்' என்பதும் இருக்கும். இவற்றோடு டச்சுக்காரரின் செம்பு, சீனரின் துளைக்காசு, சயாம் நாட்டுக் காசு, இந்திய ரூபாய் யாவும் இக்கரையில் ஒன்றாகப் புழங்கின. காசுமாற்றும் தொழிலில் தென்னாட்டு முஸ்லிம்களும், வட்டிக்கடைத் தொழிலில் செட்டியார்களும் இவ்வூரில் பேர் பெற்றதற்கு இதுவும் ஒரு காரணம். எக்காசு எத்தனை எடை, எதற்கு எது ஈடு என்பது அவர்களுக்குக் கைவந்த கலை.

முதற்படி: உலோகமும் எடையும்

காசு கையில் கிடைத்தவுடன் படத்தைப் பார்க்காதீர்கள், எடையைப் பாருங்கள். படத்தைப் போலியாக அடிப்பது எளிது. உலோகத்தையும் எடையையும் ஒருசேரப் பொருத்துவது கடினம். ஸ்பெயின் வெள்ளிக்காசு ஏறத்தாழ 27 கிராம் இருக்கும். அதன் குறுக்களவு நான்கு சென்டிமீட்டரை ஒட்டியது. நம் பெரியோர் அறிந்த பிரிட்டிஷ் வணிக வெள்ளியும் ஏறக்குறைய அதே எடை. 'நின்ற மாது வெள்ளி' என்று அடையாளம் சொல்லத்தக்க அக்காசில், கையில் சூலமும் கேடயமும் ஏந்திய பெண் கடற்கரையில் நிற்பாள். மறுபக்கத்தில் சீன எழுத்தும் ஜாவி எழுத்தும் இருக்கும். 1895 முதல் 1935 வரையிலான ஆண்டுகளை அதில் காணலாம். அவற்றுள் பெரும்பாலானவை பம்பாயில் அச்சானவை. இப்படிப்பட்ட காசு நிறுவையில் 20 கிராமோ 22 கிராமோ காட்டினால் ஐயுறுங்கள்.

காந்தமும் உதவும். பொன், வெள்ளி, செம்பு, பித்தளை, வெண்கலம் ஆகியவை காந்தத்தில் ஒட்டா. வெள்ளிக்காசு என்று சொல்லப்படுவது ஒட்டினால், அதன் உள்ளே இரும்போ நிக்கலோ இருக்கிறது என்று அறிக. ஒட்டாததெல்லாம் வெள்ளி என்றும் நினைக்க வேண்டா. ஈயக் கலவையும் ஒட்டாது. விளிம்பைச் சுற்றிப் பாருங்கள். இரண்டு பாதியை ஒட்டவைத்தது போன்ற கோடு தெரிந்தால், அது அச்சில் அடித்த காசன்று. வார்ப்பில் ஊற்றிய காசு. ஆனால் சீனத் துளைக்காசுகள் பழங்காலத்தில் மெய்யாகவே வார்க்கப்பட்டவை.

சில வெள்ளிக்காசுகளின் முகத்தில் சிறு சிறு சீன முத்திரைகள் குத்தியிருக்கும். அது பழுதன்று. காசு நல்லது என்று சோதித்த சீன வணிகர் தம் கடைக்குறியை அவ்வாறு இட்டனர். இந்நாட்டில் நாமும் மலாய்க்காரரும் 'சாப்பு' என்று சொல்வது இத்தகைய முத்திரையையே.

இரண்டாம் படி: எழுத்து

அடுத்து, காசில் உள்ள எழுத்து எம்மொழியினது என்று பாருங்கள். படிக்கத் தெரியாவிட்டாலும், இனம் காணத் தெரிந்தால் போதும். நடுவே சதுரத் துளையும் அதைச் சுற்றி நான்கு சீன எழுத்தும் இருந்தால், அது பெரும்பாலும் சீனக்காசு. மேல், கீழ், வலம், இடம் என்னும் வரிசையில் பெரும்பாலும் படிப்பர். முதலிரண்டு எழுத்தும் பேரரசரின் ஆட்சிப் பெயர். பின்பக்கத்தில் மஞ்சு எழுத்து இருந்தால், 1644 முதல் 1912 வரை ஆண்ட சிங் மரபினர் காலத்தது.

ஆங்கில 'வி' எழுத்துப் பெரிதாக இருந்து, அதன் இரண்டு கால்களிலும் 'ஓ', 'சி' ஆகிய எழுத்துகள் பின்னியிருந்தால், அது டச்சுக் கிழக்கிந்தியக் கும்பினியின் செப்புக்காசு. அதன் பெயர் 'டுயிட்'. இச்சொல்லே மலாயில் பணத்தைக் குறிக்கும் 'டுயிட்' ஆயிற்று. தமிழில் 'துட்டு' ஆயிற்று. கடைத்தெருவில் மலாய்க்காரர் 'டுயிட்' என்கிறார். வீட்டில் நாம் 'துட்டு' என்கிறோம். இரண்டும் ஒரே காசின் இரண்டு பிள்ளைகள். இதற்கு மாறாக நம் 'காசு' என்னும் சொல் போர்த்துகீசியர் வாய்வழியே ஆங்கிலத்துக்குப் போய், கீழைநாட்டுச் சிறுகாசைக் குறிக்கும் 'கேஷ்' ஆயிற்று. கொடுக்கல் வாங்கல் காசில் மட்டுமன்று, சொல்லிலும் நடந்திருக்கிறது.

தமிழ் எழுத்துள்ள அயலார் காசும் உண்டு. ஒரு பக்கம் பிரெஞ்சு அரசின் அல்லிமலர்ச் சின்னமும் மறுபக்கம் 'புதுச்சேரி' என்று தமிழிலும் இருந்தால், பிரெஞ்சுக்காரர் அடித்தது. நாகப்பட்டினத்தை ஆண்டபோது டச்சுக்காரரும் அவ்வூர்ப் பெயரைத் தமிழில் பொறித்துக் காசு வெளியிட்டனர். பனைமரமும், சிங்களத்திலும் தமிழிலும் மதிப்பும் இருந்தால், 1870 முதல் வெளிவந்த இலங்கைச் சதம். முடியின் கீழ் எழுத்துகளைப் பின்னிய சிறு செப்புக்காசு தரங்கம்பாடி டேனிஷ்காரருடையதாக இருக்கலாம். நம் முன்னோர் பலர் இக்கடற்கரை ஊர்களின் வழியே வந்தவர்கள். ஆகவே, இத்தகைய காசு பெட்டியில் இருந்தால், அது அவர்கள் வந்த வழியைச் சொல்லும் சான்றாகவும் இருக்கக்கூடும்.

மூன்றாம் படி: ஆண்டு

பலர் தடுமாறுவது இவ்விடத்தில்தான். காசில் உள்ள ஆண்டு எப்பொழுதும் நாம் வழங்கும் ஆங்கில ஆண்டு அன்று. இதற்கு நம் நாட்டுச் சேவல் காசே நல்ல எடுத்துக்காட்டு. ஒரு பக்கத்தில் சேவலும் 'தானா மலாயு' என்னும் ஜாவி எழுத்தும் இருக்கும்; மறுபக்கத்தில் 'சத்து கெப்பிங்' என்று மதிப்பும், 1247 என்று ஆண்டும் இருக்கும். "எண்ணூறு ஆண்டுப் பழைய காசு" என்று இதைச் சொல்லி விற்பார் உளர். அது ஹிஜ்ரி ஆண்டு.

ஹிஜ்ரி ஆண்டை மாற்ற எளிய கணக்கு இது: நூற்றுக்கு மூன்று வீதம் கழித்து, 622ஐக் கூட்டுக. 1247இல் 37 போனால் 1210. அதனோடு 622 சேர்ந்தால் 1832. ஓராண்டு முன்பின் இருக்கும். சரியான விடை 1831 அல்லது 1832. சிங்கப்பூர் வணிகருக்காக இங்கிலாந்தில் அடிக்கப்பெற்ற வில்லைக்காசு அது. அதே ஆண்டெண்ணைப் பின்னரும் மாற்றாமலே அடித்து வந்தனர்.

ஜாவி எண்களில் ஐந்து நமக்குச் சுழியம் போலத் தோன்றும். சுழியமோ வெறும் புள்ளி. ஆறு நம் ஏழு போலிருக்கும். ஏழு ஆங்கில 'வி' போலவும், எட்டு அதைக் கவிழ்த்தது போலவும் இருக்கும். இதை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினால் பிள்ளைகள் ஒரே நாளில் கற்றுக்கொள்வார்கள்.

சயாம் நாட்டுக் காசில் புத்த ஆண்டு இருந்தால் 543ஐக் கழிக்க வேண்டும். அதற்கு முந்திய சில காசுகளில் பாங்காக் தலைநகரான ஆண்டிலிருந்து கணக்கிடுவர். அங்கே 1781ஐக் கூட்ட வேண்டும். ஆகவே 127 என்றிருந்தால் 1908. ஜப்பானியக் காசில் பேரரசரின் ஆட்சியாண்டு இருக்கும். ஷோவா ஆண்டுடன் 1925ஐக் கூட்டுக. சீனக் குடியரசுக் காசில் ஆண்டுடன் 1911ஐக் கூட்டுக. சங்கு பொறித்த திருவாங்கூர்க் காசில் உள்ளது கொல்லம் ஆண்டாயின் 825ஐக் கூட்டுக.

ஆண்டு சரியாகத் தெரிந்தும் ஏமாறும் இடம் ஒன்றுண்டு. ஆஸ்திரியப் பேரரசி மரியா தெரேசாவின் உருவம் தாங்கிய பெரிய வெள்ளிக்காசில் 1780 என்றே இருக்கும். அவர் இறந்த ஆண்டு அது. ஆயினும், அரபு நாடுகளிலும் எத்தியோப்பியாவிலும் மக்கள் அக்காசையே நம்பி விரும்பியதால், அதே ஆண்டெண்ணுடன் அதன் பிறகும் பற்பல நாடுகளில் அதை அச்சிட்டார்கள். 1940, 1941ஆம் ஆண்டுகளில் பம்பாயிலும் அச்சிட்டார்கள். எனவே 1780 என்று கண்டவுடன் பழமைக்கு விலை கொடுத்துவிடாதீர்கள்.

நான்காம் படி: சின்னமும் மன்னர் பெயரும்

கடைசியாகத்தான் படம். நம் நாட்டுக் காசுகளை அடையாளம் காண இதுவே சிறந்த வழி. 1845ஆம் ஆண்டுச் செப்புக்காசில் விக்டோரியா அரசியின் தலையும் கிழக்கிந்தியக் கும்பினியின் பெயரும் இருக்கும். 1862ஆம் ஆண்டுக் காசில் 'இந்தியா ஸ்ட்ரெய்ட்ஸ்' என்றிருக்கும். நீரிணைக் குடியேற்றங்கள் அப்போது இந்திய அரசின் கீழ் இருந்தன. 1867இல் பிரிந்தபின், 1871, 1872 முதல் 'ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மென்ட்ஸ்' என்ற பெயர் வந்தது. 1919இல் ஒரு காசு சதுர வடிவம் பெற்றது. முனை மழுங்கிய அந்தச் சதுரக்காசு பின்னர் மலாயா நாணய ஆணையர் பெயரிலும், அதன்பின் மலாயா, பிரிட்டிஷ் போர்னியோ பெயரிலும் 1961 வரை தொடர்ந்தது. 1967 ஜூன் மாதத்தில் பேங்க் நெகாரா நம் நாட்டின் சொந்த நாணயத்தை வெளியிட்டது. அதில் மன்னர் தலை இல்லை. நம் நாடாளுமன்றக் கட்டடமே இருந்தது.

இக்காசுகளில் ஒன்றை எண்ணிப் பாருங்கள். 1930க்குச் சற்று முன்னர், சில மாவட்டத் தோட்டங்களில் இந்தியத் தொழிலாளியின் நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று வரையறுக்கப்பட்டிருந்தது. ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் அரைவெள்ளி நாணயம் ஒன்று உங்கள் பெட்டியில் இருந்தால், அது ஓர் ஆணின் ஒரு நாள் உழைப்பு. இருட்டில் பெரட்டுக்கு நின்று, மரம் வெட்டி, பால் சுமந்த ஒரு நாள். ரப்பர் விலை வீழ்ந்தபோது அக்கூலியும் வீழ்ந்தது. ஜப்பானியர் ஆட்சியில் குவிந்த வாழைமரத் தாள்பணமோ 1945இல் குப்பையாயிற்று. பெரியோர் உலோகக்காசைத் துணியில் முடிந்து காத்ததன் நியாயம் அப்போது விளங்கியது.

மன்னர் பெயர் இல்லாத காசு

மன்னர் பெயரோ நாட்டின் பெயரோ இன்றி, ஒரு தோட்டத்தின் பெயரையும் ஓர் எண்ணையும் மட்டும் தாங்கிய பித்தளை அல்லது நிக்கல் வில்லை கிடைத்தால், அதை எறிந்துவிடாதீர்கள். பினாங்கிற்கு எதிர்க்கரையில், சுமத்திராவின் டெலிப் பகுதியில், 1860களிலிருந்து புகையிலைத் தோட்டங்கள் எழுந்தன. அவற்றுக்கு ஆளும் பணமும் பெருமளவில் பினாங்கு வழியாகவே சென்றன. அத்தோட்டங்கள் பலவும், வடபோர்னியோவின் புகையிலைத் தோட்டங்கள் சிலவும் தமக்கென வில்லைக்காசு அடித்துத் தொழிலாளிக்குக் கொடுத்தன. இலங்கையில் காப்பி நிறுவனங்களும் அவ்வாறு செய்தன.

அந்த வில்லைக்குத் தோட்டத்து வேலிக்கு வெளியே மதிப்பில்லை. அதைப் பெற்றவன் தோட்டத்துக் கடையில்தான் அரிசி வாங்க வேண்டும்; கடைக்காரன் சொன்னதே விலை. ஊருக்கு அனுப்பவும் முடியாது. வேறிடம் போகச் சேர்த்து வைக்கவும் முடியாது. கூலி கொடுத்தாயிற்று என்று கணக்கில் இருக்கும். தொழிலாளியின் கையிலோ சுதந்திரம் இராது. நாணயம் என்பது வெறும் உலோகம் அன்று, அதை எங்கும் செலவிடும் உரிமை என்பதை இதைவிடத் தெளிவாக வேறெதுவும் உணர்த்தாது.

நம் நாட்டின் 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம், ஊதியத்தைச் செல்லுபடியாகும் பணமாகக் கொடுக்க வேண்டும் என்று விதித்ததும், அப்பணத்தை இன்ன இடத்தில் இன்னாரிடம்தான் செலவிட வேண்டும் என்று கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் செல்லாது என்று அறிவித்ததும் எவ்வளவு பெரிய காப்பு என்பதை இந்தச் சிறு வில்லையை வைத்துப் பிள்ளைகளுக்கு விளக்கலாம். இன்று ஊதியம் வங்கிக் கணக்கில் ஏறினாலும் இவ்வுரிமை அதே உரிமைதான்.

காப்பதும் விற்பதும்

இனிச் சில நடைமுறைச் செய்திகள். பழங்காசைப் பளபளப்பாக்க வேண்டா. புளி, எலுமிச்சை, சாம்பல் எதனாலும் தேய்க்காதீர்கள். பால் உறைய வைக்கும் ஆசிட்டில் போடவே கூடாது. செம்பின் மேல் படிந்த கருமை அதன் காப்பு. அதைப் போக்கினால் எழுத்தும் தேயும், மதிப்பும் குறையும். காசை விளிம்பில் பிடியுங்கள். ஈரமில்லாத காகித உறையில் தனித்தனியே வையுங்கள். மலிவான மெல்லிய பிளாஸ்டிக் உறை நாளடைவில் காசைப் பச்சையாக்கும்.

காசுமாலையைப் பற்றித் தாய்மார்களுக்கு ஒரு சொல். நாம் 'பவுன்' என்னும் எடையே ஆங்கில சவரன் காசிலிருந்து வந்தது. சவரன் 7.98 கிராம் எடையுள்ள 22 காரட் பொன். ஒரு பக்கம் அரசர் தலையும், மறுபக்கம் பெரும்பாலும் குதிரைமேல் ஏறி நாகத்தை வதைக்கும் வீரனும் இருக்கும். மாலையில் கோத்த எல்லாக் காசும் சவரன் ஆகா; அதைப் போன்று பொற்கொல்லர் செய்தவையும் உண்டு. அடகு வைக்கும் முன்னும் விற்கும் முன்னும் எடையும் மாற்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பழமை என்றாலே பெருவிலை என்று எண்ணாதீர்கள். சீனத் துளைக்காசு முந்நூறு ஆண்டுப் பழமையுடையதாயினும் கோடிக்கணக்கில் அடிக்கப்பட்டதால் மலிவு. எத்தனை எஞ்சியுள்ளன, எவ்வளவு தேயாமல் உள்ளது, விரும்புவார் எத்தனை பேர் ஆகிய மூன்றுமே விலையை முடிவு செய்யும். ஆகவே வாயிலில் நின்று அவசரப்படுத்துபவரிடம் விற்காதீர்கள். காசின் மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் மெதுவாகத் தேய்த்தால் உருவம் பதியும். கைப்பேசியில் இருபக்கமும் படமெடுப்பது இன்னும் எளிது. அதனுடன் எடையையும் குறுக்களவையும் குறித்து, அரும்பொருளகத்தாரிடமோ நாணயச் சேகரிப்போர் சங்கத்தாரிடமோ கேளுங்கள். காசையே கொடுத்தனுப்ப வேண்டியதில்லை. இந்நாட்டவரான சரண் சிங் மலேசியா, சிங்கப்பூர், புருணை நாணயங்களைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதி 1986இல் வெளியிட்ட பெருநூல், பெரிய நூலகங்களில் கிடைத்தால் புரட்டிப் பார்க்கத்தக்கது.

மண்ணைத் தோண்டும்போது காசுக்குவியல் எதுவும் கிடைத்தால், அது வேறு செய்தி. 2005ஆம் ஆண்டு தேசிய மரபுடைமைச் சட்டத்தின்படி அதை மாவட்ட அதிகாரிக்குத் தெரிவிப்பது கடமை. ஒன்றாகக் கிடைத்த காசுகளைப் பிரித்துப் பங்கிட்டால், அவை எக்காலத்தில், யாரால் புதைக்கப்பட்டன என்னும் வரலாறு என்றென்றைக்கும் அழிந்துவிடும்.

பெருமக்களே! எடை, எழுத்து, ஆண்டு, சின்னம் என்னும் வரிசையை மறவாதீர்கள். இன்று வீடு திரும்பியதும் பெட்டியைத் திறந்து, பிள்ளைகளைச் சுற்றி உட்கார வைத்து, ஒவ்வொரு காசாக அவர்கள் கையில் கொடுங்கள். அதை முடிந்து வைத்தவர் யார், எந்தத் தோட்டத்தில் உழைத்தவர் என்று உங்களுக்குத் தெரிந்ததை ஒரு தாளில் எழுதிக் காசோடு சேர்த்து வையுங்கள். காசு தான் பிறந்த நாட்டை மட்டும் சொல்லும். அது நம் வீட்டுக்கு வந்த கதையை நாம்தான் எழுதி வைக்க வேண்டும்.